கலையும் பயணமும் வீடும்

கலையை நுகர்தல் என்றதும் நம்மில் பலர் சற்றே ஒதுங்கி நிற்கின்றனர். அது செல்வம் படைத்தவர்களுக்கும், அதற்கென்றே படித்த அறிஞர்களுக்கும் உரியது என்பது அவர்கள் எண்ணம். பயணம் என்றால் பெருஞ்செலவு என்றும், வீட்டை அழகு செய்தல் என்றால் கடைவீதிக்குச் சென்று பொருள்களை வாங்கி வந்து நிரப்புதல் என்றும் அவ்வாறே கருதிவிடுகின்றனர். மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் இவ்வெண்ணத்தை நான் கேட்டிருக்கிறேன். "பரீட்சைக்குப் படிக்கவே பொழுது போதவில்லை, இவற்றுக்கெல்லாம் பொழுது ஏது, பணம் ஏது?" என்று அவர்கள் வினவுகின்றனர்.

வினா நியாயமானதே. ஆனால் இம்மூன்றும் தனித்தனியே பொழுதையும் பொருளையும் கேட்கும் மூன்று காரியங்கள் அல்ல. கலைப்பொருளைக் காண்பதும், வேற்றூர் சென்று வருவதும், வாழும் இடத்தைச் செம்மையாக அமைத்துக்கொள்வதும் ஒரே பயிற்சியின் மூன்று நிலைகள். அது கண்ணுக்குத் தரும் பயிற்சி. செவி பழகினாலன்றி இராகத்தின் நுட்பம் விளங்குவதில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். கண்ணைப் பற்றி மட்டும் நாம் அவ்வாறு நினைப்பதில்லை. திறந்திருப்பதனாலேயே அது எல்லாவற்றையும் காண்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம்.

முதலில் கலைப்பொருளைக் காணும் முறையைப் பார்ப்போம். தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பலவற்றை அங்கே காணலாம். அவற்றுள் ஒன்று, திருவெண்காட்டிலிருந்து கிடைத்த இடபவாகனர் திருவுருவம். அது கி.பி. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் நிறைவுற்ற 1010-ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. தலையில் பாகை போலச் சுற்றிய சடையுடன், சிவபெருமான் ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே வைத்து, ஓய்வாக நிற்கிறார். ஒரு கை எதன்மீதோ சாய்ந்திருக்கிறது. எதன்மீது? அங்கே ஒன்றும் இல்லை. அவர் சாய்ந்திருந்த காளையின் உருவம் இப்போது அவருடன் இல்லை. எனினும், சற்றே பொறுமையாக நின்று பார்ப்பவருக்குத் தோளின் சரிவும், முழங்கையின் மடிப்பும், விரல்களின் தளர்வும் ஒன்றுகூடி, அந்தக் காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும், அதன் முதுகு எங்கே இருந்திருக்கும் என்பதையெல்லாம் உணர்த்திவிடுகின்றன.

ஒருநாள் நான் அவ்வுருவத்தின் முன் நின்றுகொண்டிருந்தபோது, சுற்றுலா வந்த மாணவர் கூட்டம் ஒன்று உள்ளே நுழைந்தது. ஒவ்வொருவரும் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தனர். அடுத்த உருவத்துக்கு நகர்ந்தனர். சில நிமிடங்களில் கூடம் காலியாகிவிட்டது. ஒரு மாணவி மட்டும் பின்தங்கி நின்றாள். உருவத்தைப் பார்த்தவாறே தானும் ஒரு காலைக் குறுக்கே வைத்து, ஒரு கையை மடக்கிப் பார்த்தாள். சாய்வதற்கு ஒன்றும் இல்லாமையால் அவள் உடல் தடுமாறியது. "ஐயா, இங்கே பக்கத்தில் ஒரு மாடு இருந்திருக்க வேண்டும், இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். அவள் அறிவிப்புப் பலகையைப் படிக்கவில்லை. தன் உடலைக் கொண்டே அந்த உண்மையைக் கண்டுபிடித்தாள். மற்றவர்கள் படத்தைக் கொண்டுசென்றனர்; அவள் அந்தத் திருமேனியையே கொண்டுசென்றாள் என்று எனக்குத் தோன்றியது.

கலைப்பொருளின் முன் நிற்கும்போது மூன்று வினாக்களை நமக்குள் கேட்டுக்கொண்டால் போதும். இதன் எடை எங்கே தாங்கப்படுகிறது? எதைக் காட்டியிருக்கிறான், எதைக் காட்டாமல் விட்டிருக்கிறான் கலைஞன்? எந்தப் பொருளால், எந்த வழியில் இது செய்யப்பட்டது? மூன்றாவது வினா மிகவும் பயன்தருவது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள சுவாமிமலையில் இன்றும் சிற்பிகள் பழைய முறையில் திருமேனிகளை வார்க்கின்றனர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவத்தை மெழுகில் சமைக்கின்றனர். அதன்மேல் காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுகின்றனர்; அதன்மேல் மேலும் தடித்த மண்ணைப் பூசிக் கம்பியால் கட்டி இறுக்குகின்றனர். உலர்ந்தபின் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகின்றனர். ஆறியபின் மண்கூட்டை உடைத்தாலன்றி உருவம் வெளிவருவதில்லை. ஆகவே ஒரு கூட்டிலிருந்து ஓர் உருவமே கிடைக்கும். மெழுகும் போயிற்று, கூடும் போயிற்று. இதனை அறிந்தபின் ஒரு திருமேனியின் விரல்நுனியைக் காணும்போது நம் பார்வையே மாறிவிடுகிறது. அந்த விரல் ஒருமுறை மெழுகாகவும், பின்பு வெறும் வெளியாகவும், அதன்பின் உலோகமாகவும் இருந்தது என்பது நினைவுக்கு வருகிறது.

இனிப் பயணம். நெடுந்தொலைவு செல்வதே பயணம் என்று எண்ண வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்வோம். அருச்சுனன் தவம் என்றும், கங்கை இறங்கிய காட்சி என்றும் இரண்டு பெயர்களால் அழைக்கப்படும் பெரும்பாறைச் சிற்பம் அங்கே இருக்கிறது. எண்பது அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது, பல்லவர் காலத்தது. பெரும்பாலோர் அதனை ஒருமுறை நோக்கி, யானைகளைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விடுகின்றனர். அரைமணி நேரம் அமர்ந்து பார்ப்பவர்களுக்கோ அது வேறு உலகமாகத் திறக்கிறது. பெரிய யானையின் கால்களுக்கிடையே குட்டிகள் தெரியும். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று தெரியும். தவம்செய்யும் முனிவரைப் போலவே கைகளை உயர்த்தி நின்று பாசாங்கு செய்யும் பூனையும், அதனை நம்பி அருகில் கூடிய எலிகளும் தெரியும். தேவர்களும் நாகர்களும் நிறைந்த பெருங்காட்சியில் இந்தப் பூனைக்கும் இடம் கொடுத்த சிற்பியின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். அவனுக்குத் தெய்வமும் வேண்டும். தெருவில் கண்ட பூனையும் வேண்டும். சற்றுத் தள்ளியுள்ள கிருட்டிண மண்டபத்தில் பால் கறக்கும் ஆயனையும், கன்றை நக்கும் பசுவையும் செதுக்கியிருக்கின்றனர். நாள்தோறும் தன் ஊரில் கண்ட காட்சியைத்தான் அவன் கல்லில் நிலைநிறுத்தினான். அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கியவன் செய்த கலை அது. நம்மையும் மீண்டும் அன்றாட வாழ்வை நோக்கியே அனுப்பிவைக்கிறது.

புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சித்தன்னவாசல் வேறொரு பாடத்தைத் தருகிறது. சமணர்களுக்குரிய அந்தக் குடைவரைக் கோயிலில், ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்கள் உள்ளன. விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம். மீன்களும் பறவைகளும், எருமைகளும் யானைகளும், மலர் கொய்யும் மனிதர்களும் அதில் இருக்கின்றனர். வெளியே கொதிக்கும் வெயில், வறண்ட பாறை. அந்தப் பாறையின் உள்ளே, தலைக்கு மேலே ஒரு குளிர்ந்த பொய்கை! வறண்ட நிலத்தில் வாழ்ந்தவர்கள் தாம் அமரும் இடத்துக்கு மேலே நீரை வரைந்துகொண்டனர். ஓர் இடத்தை அழகு செய்வதன் முதல் நோக்கம் என்ன என்பதை இது தெளிவாக்குகிறது. உள்ளே வருபவரின் மனம் ஆறுதல் அடையவேண்டும். செல்வத்தைக் காட்டுவதற்கு அங்கே தேவையே இல்லை. அவ்வோவியங்களில் பெரும்பகுதி இன்று மங்கிவிட்டது. எஞ்சியிருப்பதையாவது காக்கவேண்டும் என்றால், நாம் அதனைத் தொடாமலும், பழைய சுவர்களில் பெயரைக் கீறும் இழிபழக்கத்தை எங்கே கண்டாலும் தடுத்தும் ஒழுக வேண்டும். காணத் தெரிந்தவன் கை அவ்வாறு கீறத் துணியாது.

பயணத்தின்போது கோயில்களையும் அரண்மனைகளையும் மட்டுமன்றி, மக்கள் வாழும் வீடுகளையும் நோக்குதல் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய உறைவிடம். மழை மிகுந்த நாடு அது. ஆகவே கூரைகள் செங்குத்தாகச் சரிந்து நீரை உடனே வடித்துவிடுகின்றன. மரச்சட்டங்களின் இடைவெளிகள் வழியாகக் காற்று நுழைகிறது, கடும்வெயில் நுழைவதில்லை. மன்னர் ஆலோசனை நடத்திய கூடத்தின் பலகணிகளில், காக்காய்ப்பொன் என்று மக்கள் வழங்கும் அபிரகத் தகடுகளை வண்ணமிட்டுப் பதித்திருக்கின்றனர். தரையோ கண்ணாடி போல் கறுத்து மின்னுகிறது. சுண்ணாம்பும், சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரியும், முட்டையின் வெண்கருவும் சேர்த்துச் செய்த தரை அது. மன்னர் வாழ்ந்த வீட்டின் தரைக்குச் சிரட்டைக் கரி போதுமானதாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அங்கிருந்து செட்டிநாட்டுக்கு வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. அது மழை குறைந்த நிலம். அங்கே வீட்டின் கூரை முற்றத்தை நோக்கி உள்ளே சரிகிறது. பெய்யும் மழையை முற்றத்திலே பெற்றுக்கொள்கிறது. காரைக்குடிக்கு அருகில் உள்ள ஆத்தங்குடியில் தரைக்கான கற்களைச் செய்யும் முறையை நான் நெடுநேரம் நின்று கண்டிருக்கிறேன். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் அறைகளுக்குள் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகின்றனர். சட்டத்தை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகின்றனர். பின்பு நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகின்றனர். சூளை கிடையாது, மெருகிடும் பொறியும் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அதன் பொலிவு மிகுகிறது. பழகப் பழக மங்கும் பொருள்களையே வாங்கிப் பழகிய நமக்கு, பழகப் பழகப் பொலியும் பொருளும் உண்டு என்பது ஓர் அரிய செய்தி அல்லவா?

இவ்வாறு கண்டவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு வீடு திரும்புகிறோம். இங்கேதான் பயிற்சியின் மூன்றாம் நிலை தொடங்குகிறது. பலர் பயணத்திலிருந்து பொம்மைகளையும் சிப்பி மாலைகளையும் வாங்கி வந்து, கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிடுகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அலமாரி நிறைகிறது. அதனைப் பார்ப்பவர் இல்லாமல் போகின்றனர். ஒரே இடத்தில் ஐம்பது பொருள்கள் நின்றால், ஒன்றையும் கண் தெளிவாகக் காண்பதில்லை. சப்பானியர் தம் வீட்டில் 'தொகோனோமா' என்னும் சிறிய மாடம் ஒன்றை அமைப்பது மரபு. அதில் ஓர் ஓவியச் சுருளும், ஒரு கலத்தில் சில மலர்களுமே இருக்கும். பருவம் மாறும்போது அவற்றையும் மாற்றுவர். மற்ற ஓவியங்கள் பெட்டியில் துயிலும். ஒன்றை எடுத்து வைத்து, மற்றவற்றை மறைத்து வைப்பதனால், எடுத்து வைத்த ஒன்றுக்கு முழு மதிப்பும் கிடைக்கிறது.

இந்த உண்மை நம் நாட்டுப் பெண்மணிகளுக்குப் புதியதன்று. வாயிலில் இடும் கோலத்தைப் பாருங்கள். விடியற்காலையில் பெருக்கி, நீர் தெளித்து, வெறுமையான தரையில் ஒரு கோலம். மாலைக்குள் அது கலைந்துவிடும். மறுநாள் வேறொன்று பிறக்கும். அரிசி மாவினால் இட்டால் எறும்புக்கும் உணவு. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழை வளைந்து வளைந்து சென்று, தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக் கோலத்தில் ஆழ்ந்த கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1970-களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, மொழிக்கு இலக்கணம் வகுப்பதைப் போல அவற்றுக்கும் விதிகளை வகுத்தனர். கணிப்பொறி அறிவியலில் அது ஓர் ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்தது. நம் பாட்டியார் ஐந்து நிமிடத்தில் விரல்நுனியால் இட்ட கோலம் அது. இன்று பல வீடுகளில் அச்சடித்த கோலத்தை வாயிலில் ஒட்டிவிடுகின்றனர். அது கலைவதில்லை, ஆகவே அதனை ஒருவரும் பார்ப்பதும் இல்லை.

மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? உங்களுக்கென்று தனி வீடு இல்லை. விடுதியில் ஒரு கட்டிலும் மேசையும், அல்லது வீட்டில் ஒரு சன்னல் ஓரமும் இருக்கலாம். அதுவே போதும். முதலில், வேண்டாதவற்றை அகற்றுங்கள். அடுத்து, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து மேசையை இடுங்கள். பத்மநாபபுரத்துத் தச்சன் முதலில் செய்த வேலை அதுதான். பின்பு, சுவரில் ஒரே ஒரு படத்தை மாட்டுங்கள்; நீங்களே கோட்டால் வரைந்ததாயின் மிக நன்று. மாதம் ஒருமுறை அதனை மாற்றுங்கள். நாள்தோறும் கையாளும் பொருள்களில் ஒன்றையாவது நன்கு செய்யப்பட்டதாகத் தேர்ந்துகொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கும் செம்பாகவோ, மண்கூசாவாகவோ அது இருக்கலாம். கூசாவின் வயிற்றின் வளைவும் கழுத்தின் குறுகலும் குயவனின் கைப்பழக்கத்தில் பிறந்தவை. அதன் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. பயனும் அழகும் அங்கே ஒரே பொருளில் குடியிருக்கின்றன.

இறுதியாக, நான் மிகவும் கருதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கண் பழகுவதும் பழகாததும் நம் ஒருவருடைய இன்பத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் குடும்பங்கள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைப் போற்றி வருபவர்கள் பெரும்பாலும் முசுலிம் மக்கள். ஆற்றங்கரைக் கோரையைக் கீறுவதும், உலர்த்துவதும், நீரில் நாட்கணக்கில் ஊறவைப்பதும், மீண்டும் உலர்த்துவதுமாக நெசவுக்கு முன்னரே நெடிய உழைப்பு இருக்கிறது. மிக நுண்ணிய இழைகளால் நெய்த பாயைப் பட்டுப்பாய் என்பர். துணியைப் போல மடித்துவைக்கலாம். திருமணத்துக்கென்று மணமக்களின் பெயரையும் நாளையும் பாயிலேயே நெய்து தருவதும் உண்டு. இன்று கடையில் அதன் அருகிலேயே பிளாசுடிக்குப் பாய் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இரண்டையும் வேறுபடுத்திக் காணாத கண்ணுக்கு விலை ஒன்றே தெரியும். அத்தகைய கண்களே நாட்டில் பெருகினால், தறி முன் அமர்ந்திருக்கும் அம்மையார் தம் மகளுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க மாட்டார். ஒரு தலைமுறை கற்காமல் விட்ட கைத்தொழிலை மறு தலைமுறை நூலைப் படித்து மீட்க இயலாது. அது கையிலிருந்து கைக்குச் செல்வது.

விலையுயர்ந்த பாயை எல்லோரும் வாங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அது இயலாது என்பதை அறிவேன். ஆனால் இன்றைய மாணவர்களே நாளைக்கு இல்லறத்தார். பள்ளிகளையும் அலுவலகங்களையும் நடத்தப்போகின்றவர்கள். பழைய கட்டடத்தை இடிப்பதா, காப்பதா என்று கையெழுத்திடப்போகின்றவர்கள். அப்போது அவர்கள் கண் எதைக் காணுமோ, அதுவே இந்நாட்டில் நிற்கும். ஆகவே அடுத்த விடுமுறையில் தொலைவிலுள்ள ஊருக்குச் செல்ல வாய்ப்பு இல்லையென்றால், உங்கள் ஊர்க் கோயிலின் ஒரு தூணின் முன் அரைமணி நேரம் நில்லுங்கள். நெசவாளர் தெருவுக்கோ, குயவர் தெருவுக்கோ சென்று, வேலை செய்பவரிடம் பணிவோடு, "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மனம் உவந்து சொல்லுவார். அதன்பின் வீட்டுக்கு வந்து, நீங்கள் நாள்தோறும் நடக்கும் தரையையும், உண்ணும் கலத்தையும், வாயிலில் இட்ட கோலத்தையும் ஒருமுறை பாருங்கள்.